வெளியே தெரியும் எண்

முதலில் தப்புச் செய்தவன் குணசீலன். பின்னால் நான் என்ன சொன்னாலும் சரி, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள் தம்பி.

நீங்கள் பாட்டுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எட்டிப் பார்த்தது என் தப்புதான். பச்சையும் சிவப்புமாக எண் ஓடினால் என் கண் தானாகப் போய்விடும். ஷேர்தானே? தெரியும். நாலாவதோடு படிப்பை விட்டவன்தான், ஆனாலும் தெரியும். ஒன்றேகால் வருஷம் ஒரு ஷேர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். மோகனூருக்கா போகிறீர்கள்? நல்லது. பஸ் போய்ச்சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

என் பெயர் செங்கோடன். நாமக்கல்லில் சேலம் ரோட்டில் ஒரு எடைமேடை இருந்தது. முப்பத்தொரு வருஷம் நான்தான் அங்கே எடை போட்டேன். மக்காச்சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு, கோழித் தீவனத்துக்குப் போகிற லோடு எல்லாம் என் மேடையில் ஏறி இறங்கித்தான் போகும். வண்டி வந்து நின்றால் உள்ளே என் முன்னால் ஒரு எண் தெரியும். டிரைவர் பார்ப்பதற்காக வெளியே சுவரில் ஒரு எண் தெரியும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று காட்டினால் அங்கே திருட்டு நடக்கிறது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு டிரைவர் என்னைப் பார்த்துக் கை நீட்டியதில்லை.

முதலாளி பையன்கள் இடத்தை விற்றுவிட்டார்கள். எனக்கு முப்பதாயிரம் கொடுத்தார்கள். பத்தாது என்று வீட்டுக்காரியின் தாலிச் செயினையும் அடகு வைத்தேன். அதை எடுத்துக்கொண்டுதான் குணசீலனின் ஆபீஸுக்குப் படியேறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் இருந்தது அது. பெரிய ஷேர் கம்பெனிக்கு இங்கே இவன் ஆள் மாதிரி. அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் காலையில் ஒன்பது மணிக்கே வந்து நாற்காலி பிடித்துவிடுவார்கள். எல்லாம் என் வயசுக்காரர்கள். முட்டைக் கமிஷன்காரர் ஒருவர், போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்தவர் ஒருவர், தாலுகா ஆபீஸில் ரைட்டராக இருந்து ரிட்டையர் ஆன சண்முகசுந்தரம் ஒருவர். வீட்டில் இருந்தால் பெண்டாட்டி ரேஷன் கடைக்கு அனுப்புவாள், இங்கே வந்தால் ஃபேன் காற்று உண்டு.

முதல் நாள் காகிதத்தில் இருபது இடத்தில் கையெழுத்து வாங்கினான் குணசீலன். டீமேட் என்றான், மார்ஜின் என்றான், ஸ்டாப் லாஸ் என்றான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் மட்டும் கேட்டேன்.

"அந்த ஸ்டாப் லாஸுன்னா என்னங்க?"

அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"லாஸை ஸ்டாப் பண்றதுங்ண்ணா. நீங்க லாரியை நிறுத்தறக்குக் கையைக் காட்டுவீங்கல்ல, அந்த மாதிரி டிவியைப் பாத்துக் கையைக் காட்டுங்க. நின்னுக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் முதலில் சிரித்தான், பிறகு மற்றவர்கள் சிரித்தார்கள். வரிசை முக்கியம். அன்றையிலிருந்து எனக்கு அங்கே கைகாட்டி என்று பெயர். நான் படியேறும்போதே ரைட்டர் குரல் கொடுப்பார், "கைகாட்டி வந்தாச்சு, இனி மார்க்கெட்டு எறங்காது." நானும் சிரித்துவிட்டு உட்காருவேன். ஆனால் அதற்கு அப்புறம் எந்த வார்த்தைக்கும் நான் அர்த்தம் கேட்டதில்லை. ஒரு வார்த்தைக்குக்கூடக் கேட்டதில்லை. அது யாருடைய தப்பு, சொல்லுங்கள்.

டிக்கெட்டா? எடுத்துவிட்டேன். இதோ.

அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நாங்கள் சொல்கிறதை வாங்கி விற்றது தமயந்தி என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயசு இருக்கும். மோகனூரிலிருந்துதான் தினமும் பஸ்ஸில் வரும். புருஷன் இல்லையா, இருந்தும் இல்லையா என்று தெரியாது, நாங்கள் கேட்கவில்லை. ஒரு பெண் குழந்தை இருந்தது. அவள் கம்ப்யூட்டர் அவளைப் பார்த்து இருக்கும், எங்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். எங்களுக்குச் சுவரில் ஒரு டிவி. அதன் அடியில் கம்பெனிப் பெயரும் விலையும் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. என் பங்கு எது என்று அந்த எழுத்துகளின் உருவத்தை வைத்துப் பிடித்துக்கொண்டேன். எண்ணுக்குப் படிப்பு எதற்கு?

அவளிடம் ஒரு பழக்கம். நாம் சொன்னதை ஒரு தரம் திருப்பிச் சொல்லுவாள். "செங்கோடண்ணா, அம்பது, நூத்திப் பத்து ரூவாய்க்கு, வாங்கறனுங்க, சரிங்களா?" நாம் சரி என்று சொன்னால்தான் பொத்தானை அழுத்துவாள். பக்கத்தில் இடி விழுந்தாலும் அந்தச் சரி வராமல் அழுத்த மாட்டாள்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், மற்றவர்கள் டீக்குக் கீழே இறங்கியிருந்தபோது, அவளாக மெதுவாகச் சொன்னாள்.

"ஏறி எறங்கற ரோட்டுல லாரியை நிறுத்துனா சக்கரத்துக்கு அடியில கல்லு வெப்பாங்கல்லண்ணா, அதுதான் ஸ்டாப் லாஸு. விலை உருண்டு வந்தா அந்தக் கல்லுல முட்டும். முட்டுன ஒடனே வித்துருவோம். நஷ்டம் அதோட நின்னுரும். உங்குளுதுக்கும் ஒரு கல்லு வெச்சரட்டுங்களா?"

"வேண்டாம் அம்மிணி. என்ற வண்டிக்குப் பிரேக்கு நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி. அப்போது எனக்கு அது தெரியவில்லை. நான் கேட்காமல் எனக்கு ஏன் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியாது என்று இவளுக்கு யார் சொன்னது என்றுதான் மனசு போயிற்று. மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

இல்லாத பங்கை முதலில் விற்று, இறங்கின பிறகு வாங்குவார்களே, அந்த ஷார்ட்டையும் அவள்தான் விளக்கினாள். இல்லாத மூட்டைக்கு எடைச் சீட்டுப் போடுகிற வேலை என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. லிமிட் என்றால் நாம் விலை சொல்வது, மார்க்கெட் என்றால் அந்த நிமிஷம் என்ன விலையோ அதற்கு விட்டுவிடுவது. இது இரண்டும் எனக்குப் போதுமாக இருந்தது.

நான் வாங்கியது ஒரே பங்கு, ஒரு சர்க்கரை மில். நானூறுக்குக் குறையாமல் கையில் வைத்துக்கொண்டு, மேற்கொண்டு அம்பது வாங்குவேன், அம்பது விற்பேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். டிவியில் நூற்றி இருபத்தி நாலு ஓடும்போது விற்கச் சொன்னால், அவள் நூற்றி இருபத்தி மூன்றுக்கு விற்றேன் என்பாள். உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண்.

திருட்டுத்தான் என்று நினைத்தேன் தம்பி. ஆனால் அவசரப்படவில்லை. தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்த பாக்கெட் டைரி ஒன்று இருந்தது. அதில் குறிக்க ஆரம்பித்தேன். தேதி, டிவி விலை, அவள் சொன்ன விலை. இரண்டு மாசத்தில் பதினோரு தடவை சேர்ந்தது. பதினோரு தடவையும் எனக்குத்தான் குறைச்சல்.

எனக்குச் சாதகமாக வந்த நாள் இல்லையா என்று கேட்கலாம். வந்தது. விலை இறங்குகிற நேரத்தில் வாங்கச் சொன்னால் டிவியைவிடக் குறைவாக வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதை நான் குறிக்கவில்லை. லாபத்தை யாராவது குறித்து வைப்பார்களா?

அந்த வியாழக்கிழமை. குணசீலன் சேலம் போயிருந்தான். டிவியில் என் மில் நூற்றி நாற்பத்திரண்டு ஓடிற்று. அதுவரை அந்த விலையைப் பார்த்ததில்லை. நான் எழுந்து நின்றேன்.

"நானூறும் வித்துரு அம்மிணி. மார்க்கெட்டுலயே போடு."

"நானூறு, மார்க்கெட்டு, விக்கறனுங்க. அண்ணா, விலை கொஞ்சம்..."

"போடு."

"சரிங்களா?"

"சரிங்கறன்ல."

அழுத்தினாள். நூற்றி முப்பத்தி ஏழு என்றாள். நான் டிவியைப் பார்த்தேன். அங்கே இன்னமும் நூற்றி நாற்பத்திரண்டு. ஒரு பங்குக்கு ஐந்து ரூபாய். நானூறுக்கு இரண்டாயிரம்.

டைரியை எடுத்தேன். எல்லாரும் கேட்கிற மாதிரி பதினொன்றையும் வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குக் குரல் ஏறியது. ரைட்டர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கைகாட்டி என்று ஒருத்தன் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது. முட்டைக் கமிஷன்காரர், "எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்துது பாரு" என்றார். ரிக் வண்டிக்காரர் நாற்காலியை அவள் மேசைப் பக்கம் திருப்பிப் போட்டார்.

"எடைமேடையில இதுக்குத் திருட்டுன்னு பேரு" என்றேன்.

"அண்ணா, டிவில வர்றது லேட்டுங்ண்ணா. அஞ்சு நிமிஷம் பின்னாடி வரும். என்ற ஸ்கிரீன்ல இருக்கறதுதான் இப்பத்த விலை."

"எண்ணு எப்பிடி லேட்டாகும்? பஸ்ஸா அது, பஞ்சராகி நிக்கறக்கு?"

இதற்கு எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கம் நின்று சிரித்தார்கள்.

அவள் எழுந்து வந்து டிவிக்குக் கீழே விரலை வைத்தாள். "இங்க எழுதியிருக்குது பாருங்ண்ணா" என்றாள். பொடி எழுத்து. இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் என்னைப் படி என்கிறாள் என்று நினைத்தேன். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

சொல்லிவிடுகிறேன். "பஸ்ஸுக்குக் காசை எண்ணி வெச்சுட்டு வந்தவ கழுத்துல ரெண்டு பவுன் எங்கிருந்து வந்துது? எங்க மில்லுல வெளைஞ்சதா?"

அவள் கை டிவியிலிருந்து இறங்கி அந்தச் செயினைப் பிடித்துக்கொண்டது. பிறகு, பக்கத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கவரிங்குண்ணா" என்றாள்.

பத்து ஆம்பிளைகள் நடுவில் நிற்க வைத்து அதைச் சொல்ல வைத்தேன். என் வீட்டில் அப்போது இருந்ததும் கவரிங்தான் தம்பி. அசலை அடகுக்கடையில் வைத்துவிட்டு, கடைவீதியில் முந்நூற்றி அம்பதுக்குக் கவரிங் வாங்கி வீட்டுக்காரி கையில் கொடுத்தவன் நான். தினமும் காலையில் அதைப் பார்த்தவன். எனக்கா அடையாளம் தெரியாது?

பிறகு ரைட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பொடி எழுத்தை வாசித்தார். டிலே, அஞ்சு நிமிஷம் டிலே என்று போட்டிருக்கிறது என்றார். லாரிக்காரன் லோடு டிலே என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். சற்று நேரத்தில் டிவியிலும் நூற்றி முப்பத்தி ஏழு ஓடிற்று. எல்லாரும் பார்த்தார்கள். முட்டைக்காரர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மணி அடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவள் அன்று மூன்றரை வரை இருந்து வேலையை முடித்தாள். மற்றவர்கள் சொன்னதை எல்லாம் திருப்பிச் சொல்லி, சரிங்களா என்று கேட்டுப் போட்டுக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை. குணசீலன் ஒரு பையனை வைத்தான். அவன் காதில் ஹெட்போன். நாம் சொன்னது அவனுக்குக் கேட்டதா என்பதே பொத்தானை அழுத்தின பிறகுதான் தெரியும். நான் மூன்று மாசம் போய்ப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். அடகு வைத்த செயினை மட்டும் திருப்பினேன்.

அவள் மோகனூரில், கடைவீதியில், ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் செய்கிற கடையில் இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. இரண்டு தடவை போனேன். முதல் தடவை எதிரே பேக்கரியில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. முகம் மாறவில்லை.

"வாங்ண்ணா. என்ன பண்ணோணும்?"

"ஜெராக்ஸு. ரெண்டு."

"முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும், ரெண்டு காப்பி. சரிங்களா?"

"சரி" என்றேன்.

நாலு ரூபாய். ஐந்து கொடுத்தேன், ஒரு ரூபாய் திருப்பிக் கொடுத்தாள். பின்னால் இருந்தவன் நகருங்க என்றான். நகர்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரி சொல்கிறாள், "ரெண்டு வார்த்தைதானுங்க. தெரியாமச் சொல்லிப்போட்டேன் அம்மிணி, மனசுல வெச்சுக்காதன்னு சொல்லிப்போட்டு வாங்க." நல்ல யோசனைதான். அதைச் சொல்லத்தான் இரண்டு தடவையும் போனேன். சொல்ல முடியவில்லை. ஏன் என்றால்...

மேல்புறத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், இங்கே வளைவு.

தம்பி, உங்களிடம் சொன்னபோது ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரியிடமும் இப்படித்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது. செயினைப் பற்றிச் சொன்னது முதலில் இல்லை. ரைட்டர் வாசித்ததுதான் முதலில். டிலே என்றார். புரிந்தது. டிவியில் நூற்றி முப்பத்தி ஏழு ஓடிற்று. அதையும் இந்தக் கண்ணால் பார்த்தேன். அவள் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எண் பொய் சொல்லவில்லை, இரண்டு எண்ணுமே பொய் சொல்லவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரைட்டருடைய உதடு விரிய ஆரம்பித்தது. கைகாட்டி என்று வரப்போகிறது, வந்தால் இனி சாகிற வரைக்கும் போகாது என்று தெரிந்தது. அப்போதுதான் அவள் கழுத்தைப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னேன்.

எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எப்படிப் போய்ச் சொல்வது? அது இரண்டாவது பொய். தெரிந்தே சொன்னேன் என்று சொல்லலாம். அதைச் சொல்லி முடித்த பிறகு அந்தக் கடைவாசலில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிப் பார்க்காதீர்கள். அதனால்தான் குணசீலனிலிருந்து ஆரம்பித்தேன். அவன் அன்று ஒரு நிமிஷம் ஒதுக்கி, சிரிக்காமல், இதற்கு இது அர்த்தம் அண்ணா என்று சொல்லியிருந்தால், டிவியில் என்ன எழுதியிருக்கிறது என்று நானும் கூச்சப்படாமல் கேட்டிருப்பேன். டைரி எழுதியிருக்க மாட்டேன். போன மாசம் அவனிடம் நேராகவே போய்க் கேட்டேன். "முதல் நாளு என்னையப் பாத்துச் சிரிச்சீங்க. அதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நானா? எப்பங்ண்ணா?" என்றான். "நான் எல்லாத்தையும் பாத்துச் சிரிக்கறவனாச்சே. உக்காருங்க, டீ சொல்றேன்." டீ வந்தது. குடித்தேன். டீயை அந்த வார்த்தைக்குப் பதிலாகக் கழிக்க முடியாது.

வரிசை என்று ஒன்று இருக்கிறது. முதலில் வந்த வண்டிக்கு முதலில் எடை. அவன் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும். அதற்கு அடுத்த நிமிஷம் நான் அவளிடம் போய் நிற்பேன். கடைவாசல் என்ன, நடுத்தெருவில்கூட நிற்பேன்.

மோகனூர் வந்துவிட்டது. இறங்குங்கள், பையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையா? அதோ, பச்சைப் போர்டு, பேக்கரிக்கு எதிரில். ஷட்டர் திறந்துதான் இருக்கிறது.

இல்லை, நான் இங்கே இறங்கவில்லை, காட்டுப்புத்தூர் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். காட்டுப்புத்தூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நீங்கள் இறங்குங்கள் தம்பி, கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். குணசீலன் இன்னும் எனக்கு அந்த வார்த்தையைத் தரவில்லை.